சேர்ப்பதும் பழகுவதும்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் சமூக வலைதளங்களில் 800 நண்பர்களைச் சேர்த்திருக்கிறாள். ஆனால், வீட்டுக்கு வருபவள் பள்ளிக்காலத் தோழி ஒருத்தி மட்டும்தான். அவள் வந்தாலும், இருவரும் ஒன்றும் பேசாமல் ஆளுக்கொரு கைபேசியைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். இணையம் இளைஞர்களின் நட்பை அழித்துவிட்டதா?

பதில்: அழித்துவிட்டதா என்பதற்குப் பிறகு வருகிறேன். "சேர்த்திருக்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். பணம் சேர்க்கலாம், கூட்டம் சேர்க்கலாம். நட்புக்குத் தமிழ் வைத்திருக்கும் வினை பழகுதல். ஒருவரோடு பழகுகிறோம், ஒரு கலையைப் பழகுகிறோம், முதலில் மிரட்டிய ஓர் இடம் நாளடைவில் பழகிவிடுகிறது. மூன்றுக்கும் ஒரே சொல்தான். பழைமை என்ற சொல்லுக்கும் நெடுநாள் நட்பு என்ற பொருள் உண்டு. நாள்பட வேண்டும் என்ற நிபந்தனையை மொழியே அந்தச் சொற்களுக்குள் வைத்திருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தியதும் ஒருவர் நண்பராகிவிடுகிறார் என்று வலைதளங்கள் சொல்லத் தொடங்கியபோது, அந்த நிபந்தனையைத்தான் முதலில் நீக்கின.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நண்பர் என்றே சொல்லும் நிலைக்கு வருவதற்குச் சுமார் 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார். உங்கள் மகள் தன் பட்டியலில் உள்ள 800 பேருக்கும் தலைக்கு 200 மணி நேரம் கொடுக்க முற்பட்டால், 1,60,000 மணி நேரம் ஆகும். கண் மூடாமல் உட்கார்ந்தாலும் 18 ஆண்டுகளுக்கு மேல், அதாவது ஏறத்தாழ அவள் பிறந்து இதுவரை வாழ்ந்த காலம் முழுவதும். ஆகவே அவர்களில் பெரும்பாலோர் அறிமுகமானவர்கள்தாம். அது அவளுக்கும் தெரிந்திருக்கும். அறிமுகங்கள் மிகுவதில் தீங்கு ஒன்றும் இல்லை. அந்த எண்ணை நினைத்து நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. நண்பர்களுக்கிடையே இருந்த மௌனத்தை இணையம் குற்றமாக்கிவிட்டது. கடிதம் எழுதிய காலத்தில் பதில் வர ஒரு மாதம் ஆனால், அவருக்கு என்ன வேலையோ என்று நினைத்துக்கொள்ள இடம் இருந்தது. 2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீலக் குறியைக் கொண்டுவந்தபோது அந்த இடம் போய்விட்டது. செய்தியைப் பார்த்துவிட்டார், ஆனாலும் பதில் சொல்லவில்லை என்பது இப்போது சாட்சியோடு தெரிகிறது. அந்தக் குறியை அணைத்து வைக்கும் வசதி பின்னர் வந்தது; அணைத்து வைத்தாலோ, ஏன் அணைத்தாய் என்ற கேள்வி வருகிறது. களைப்பாக இருந்தேன், சொல்ல ஒன்றும் தோன்றவில்லை என்ற மிக இயல்பான காரணங்களுக்காக இளம்பிள்ளைகள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. படங்கள் அனுப்பிக்கொள்ளும் செயலியான ஸ்னாப்சாட் இதற்கும் ஒரு படி மேலே சென்றது. இருவர் ஒவ்வொரு நாளும் தவறாமல் படம் அனுப்பிக்கொண்டால் அவர்கள் பெயருக்கு அருகில் நாள்களின் எண்ணிக்கை ஏறும். ஒரு நாள் விட்டுப்போனால் எண்ணிக்கை அறுந்துவிடும். அதைக் காப்பாற்றுவதற்காகவே சுவரையும் கூரையையும் படமெடுத்து அனுப்புகிறார்கள். பழகுதல் என்ற வினையிலிருந்து பிறந்த பழக்கம் என்ற சொல், தோழமையையும் குறிக்கும், விட முடியாத வழக்கத்தையும் குறிக்கும். இரண்டாவதை வளர்த்துவிட்டு முதலாவது வளர்ந்துவிட்டதாக அந்த எண் பிள்ளைகளை நம்ப வைக்கிறது.

ஆனால், அழித்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். முன்பு ஒருமுறை நேரில் பழகாதது நட்பே ஆகாது என்று இதே பக்கத்தில் எழுதினேன். பதின்வயதில் நான்கு ஆண்டுகள் நோயால் படுக்கையில் கிடந்த ஒரு வாசகி அதைக் கண்டித்து எழுதினார். அந்த ஆண்டுகளில் தன்னோடு நாள்தோறும் பேசிய ஒரே தோழியை அவர் நேரில் பார்த்ததே இல்லை. அந்தக் கடிதத்துக்குப் பிறகு அப்படி ஒரு வரியை நான் எழுதியதில்லை. ஆய்வாளர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. இணையத்தை அதிகம் பயன்படுத்தியவர்களிடம் தனிமையுணர்வு கூடியிருப்பதாக 1998-இல் ராபர்ட் கிரவுட்டும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். அதே குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் எழுதியபோது, அந்தப் பாதிப்புகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. கலகலப்பாகப் பழகுபவர்களுக்கும், ஏற்கெனவே துணை உள்ளவர்களுக்கும் இணையம் கூடுதல் நன்மை தந்ததாகவும் அந்த இரண்டாம் கட்டுரை சொன்னது. இருப்பதைப் பெருக்கும் கருவியாக அது இருக்கிறது என்பதே இதிலிருந்து நான் புரிந்துகொண்டது. அப்படியானால் நாம் அஞ்ச வேண்டியது, பெருக்குவதற்கு ஒன்றுமே இல்லாத பிள்ளைகளுக்காக.

உங்கள் மகள் அந்த வரிசையில் இல்லை. நீங்கள் வருத்தத்தோடு எழுதிய காட்சியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஒரு தோழி எழுந்து, கிளம்பி, வீடு தேடி வருகிறாள். மணிக்கணக்கில் பக்கத்தில் இருக்கிறாள். இருவரும் பேசவில்லை; ஏன் பேசவில்லை என்று இருவரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. வேறு எந்தத் திரையிலும் அவர்களுக்குக் கிடைக்காத சலுகை அது. அடுத்த முறை அந்தப் பெண் வரும்போது, "என்னம்மா, பேசாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடாதீர்கள். அவர்கள் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.