சமையலுக்கு வாங்கிய ராஜ்மாவை விதைக்கலாமா?

கேள்வி: சமையலுக்கு வாங்கிய ராஜ்மாவில் ஒரு கைப்பிடி எடுத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்துத் தொட்டியில் போட்டேன். பாதி அழுகிவிட்டது. முளைத்ததிலும் இரண்டு செடிகள் இலை விடாமல் குச்சி மாதிரி நிற்கின்றன. கடைப் பயறு விதைக்கு ஆகாதா? ஆகும் என்றால் அதில் பச்சை பீன்ஸ் பறிக்கலாமா?

பதில்: தாராளமாக ஆகும். வேகவைத்து டின்னில் அடைத்ததும், உடைத்ததும்தான் முளைக்காது. முழுசாகக் காய்ந்த பயறு உயிருள்ள விதை. உங்கள் தொட்டியில் அழுகியதற்குப் பெரும்பாலும் அந்த ராத்திரி ஊறல்தான் காரணம்.

இயந்திரத்தில் அடித்துப் பிரித்த பயறின் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். அந்த வழியாகத் தண்ணீர் சட்டென்று புகும்போது உள்ளே திசு சிதைகிறது, சர்க்கரைச் சத்து வெளியே கசிகிறது. மண்ணிலுள்ள பூஞ்சைக்கு அது போதும். தண்ணீருக்கு அடியிலேயே மணிக்கணக்காகக் கிடந்தால் விதைக்குக் காற்றும் கிடைக்காது. நான் ஊறவைப்பதே இல்லை. மண்ணை முதல் நாள் நனைத்து வைத்துவிட்டு, காய்ந்த விதையை அப்படியே போடுகிறேன்.

அந்தக் குச்சிச் செடிகளுக்கு வருவோம். சமையலுக்கு ஊறிய பயறு ஒன்றை எடுத்து, தோலை உரித்து, இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஓரத்தில் சின்னதாக முளைவேர் இருக்கும். அதை ஒட்டி, நரம்பு தெரிய மடித்து வைத்த இரண்டு குட்டி இலைகள் இருக்கும். செடி முழுக்க அந்தக் குருத்திலிருந்துதான் வரவேண்டும். அடிபட்டு அது ஒடிந்துபோன விதையும் முளைக்கும், வித்திலைகளை, அதாவது பயறின் இரண்டு பாதிகளை, தூக்கிக்கொண்டு மேலேயும் வரும், அதோடு சரி. பக்கத்தில் ஒரு துளிர் வந்தாலும் நோஞ்சானாகவே இருக்கும். பிடுங்கிவிடுங்கள்.

அடுத்த முறை முதலில் பத்துப் பயறை எடுத்து ஈரமான துணியில் சுற்றி, காற்று புகும்படி ஒரு டப்பாவில் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் நல்ல விதை. நாலைந்துதான் என்றால் இரட்டிப்பாக விதையுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் அது பழைய சரக்கு, சமையலுக்கே போகட்டும். (முளைத்த ராஜ்மாவைப் பச்சையாகச் சாப்பிட்டுவிடாதீர்கள். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப்புரதம் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அது போகும்.)

விதைப்பில் பெரிய வித்தை இல்லை. 3 செ.மீ. ஆழம், செடிக்குச் செடி 10 முதல் 15 செ.மீ. இடைவெளி போதும். மண் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெதுவெதுப்பாக இருந்தால் எட்டுப் பத்து நாளில் முளைத்துவிடும். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் காலத்தில் பூ கொட்டும், அதைத் தவிர்த்து விதைக்கப் பாருங்கள். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள், இலைதான் கொழிக்கும்.

இனி பச்சை பீன்ஸ் விஷயம். ராஜ்மா, கறுப்பு பீன்ஸ், வெள்ளை பீன்ஸ், நாம் காயாகப் பறிக்கும் பீன்ஸ் எல்லாம் ஒரே இனம்தான். ஆனால் காய்க்கென்று தேர்ந்தெடுத்த வகைகளில் நார் குறைவு, சதை அதிகம். பயறுக்கென்று வளர்ப்பவற்றில் காயின் உள்பக்கம் காகிதம் போன்ற படலம் சீக்கிரமே இறுகிவிடும். அதனால் விரலால் தடவினால் விதை தட்டுப்படாத பிஞ்சாக இருக்கும்போதே பறித்துவிடுங்கள், நன்றாக இருக்கும். நாலு நாள் விட்டால் நாரைத்தான் மெல்ல வேண்டும். காய்தான் முக்கியம் என்றால் விதைப் பாக்கெட் வாங்குவதே நல்லது. பயறு வேண்டும் என்றால் கடைப் பயறே போதும், 90 முதல் 100 நாளில் நெற்றாகும். சில வகைகள் கொடியோடும் என்பதால் ஒரு குச்சி நட்டு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கடைப் பயறை யாரும் விதைக்காக நோய்ச் சோதனை செய்வதில்லை. தேமல் வைரஸ், பாக்டீரியா இலைக்கருகல், ஆந்த்ரக்னோஸ் என்ற பூஞ்சை நோய் மூன்றுமே விதை வழியாக வரக்கூடியவை. இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, சுருங்கித் தெரிந்தால் அந்தச் செடியை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் வேறு பீன்ஸ் பாத்தி இருந்தால், கடைப் பயறைத் தள்ளித் தனித் தொட்டியில் போடுவதுதான் பாதுகாப்பு.

நோயில்லாமல் நன்றாகக் காய்த்த நாலைந்து செடிகளில் நெற்றைச் செடியிலேயே காயவிடுங்கள். பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது, அதனால் அடுத்த செடியும் அதே மாதிரி வரும். ஆட்டினால் உள்ளே பயறு கலகலக்கும்போது பறித்து, தடியால் அடிக்காமல் கையாலேயே உரியுங்கள். குருத்து ஒடியாத விதை அப்படித்தான் கிடைக்கும்.