துருவக் கடலடிச் சேற்றை ஆராய்வதால் நம் ஊருக்கு என்ன பயன்? அதை நம்பி மேற்படிப்பில் சேரலாமா?

முதுநிலை நிலவியலில் இடம் கிடைத்திருக்கிறது என்றும், துருவக் கடல்களின் அடிமண்ணைக் கொண்டு பழைய தட்பவெப்பத்தை ஆராய விருப்பம் என்றும், ஆனால் “அண்டார்க்டிகாச் சேற்றுக்கும் செங்கோட்டைக்கும் என்ன சம்பந்தம்” என்று வீட்டில் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கேட்பது சம்பந்தத்தைப் பற்றியா, சம்பளத்தைப் பற்றியா என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். சம்பளத்தைக் கடைசியில் சொல்கிறேன். இதே கேள்வியை என் சொந்தக்காரர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டு வருவதால் கண்டும் காணாமல் போக முடியவில்லை.

என் வீடு கேரள எல்லைக்குள் ஆரியங்காவில், படித்தது தமிழ்நாட்டுப் பக்கம் செங்கோட்டையில். கடல்வாழ் நுண்ணுயிர்களின் புதைபடிவங்களை ஆராயும் ஓர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறேன். பேராசிரியர் இல்லை; ஆகவே துறை அறிஞர்கள் யாராவது படித்தால் விடுபட்ட நுணுக்கங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். துருவத்துக்குப் போகாமலேயே துருவத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: போனதில்லைதான். இத்துறையில் உழைக்கும் பலரும் போனதில்லை. கப்பலிலிருந்து கனத்த குழாயைக் கடலடியில் செலுத்தி மண்ணை உருளையாக எடுப்பார்கள். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தொடாமல் காப்பகத்தில் வைத்து, மறுபாதியிலிருந்து மட்டும் மாதிரி எடுப்பார்கள். சுமார் 4 பாகைக் குளிரில் இருக்கும் அந்த உருளைகளில், எடுத்தவர் ஓய்வுபெற்ற பிறகும், வேறொருவர் புதிய கேள்வியோடு வந்து மாதிரி கேட்டு வாங்கலாம்.

அப்படி வந்து சேரும் ஒரு கரண்டிச் சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் நீர்விட்டு அலசி, உலர்த்தி, எஞ்சிய பொடியை நுண்ணோக்கியின் கீழ்ப் பரப்பி, நனைத்த தூரிகை நுனியால் ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் உயிரிகளின் சுண்ண ஓடுகளை இனம்பிரித்துப் பொறுக்க வேண்டும். வட அட்லாண்டிக் மாதிரிகளில் நியோகுளோபோகுவாட்ரினா பேக்கிடெர்மா என்ற இனத்தின் இடஞ்சுழி ஓடுகள் மிகுந்திருக்கும் அடுக்கு, துருவக் குளிர்நீர் அங்கே வந்து நின்ற காலத்துக்கு உரியது. தென்முனைக் கடலின் ஆழங்களில் சுண்ண ஓடுகள் பெரும்பாலும் கரைந்துவிடும் என்பதால் அங்கே சிலிக்கா ஓடுள்ள டயாட்டம் என்னும் ஒற்றைச்செல் பாசிகளே துணை. கடற்பனியை ஒட்டி வாழும் இனங்களும் திறந்த கடலில் வாழும் இனங்களும் வெவ்வேறு என்பதால், எந்தக் காலத்தில் பனி எதுவரை பரவியிருந்தது என்பதை அவற்றின் விகிதம் காட்டும். இவற்றினிடையே பருமணலோ கூழாங்கல்லோ அகப்பட்டால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் கரைக்கு வெகுதொலைவில், ஆழ்கடல் நடுவே அதைச் சுமந்துவந்து உதிர்க்க மிதக்கும் பனிமலையைவிடத் தகுந்த வாகனம் இல்லை. கிழக்கு அண்டார்க்டிகக் கரையோர மாதிரியில் கார்னெட் என்னும் சிவந்த கனிம மணிகளைக் கண்டால், அதே மணிகள் மணலில் கலந்துகிடக்கும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை எனக்கு நினைவுக்கு வரும். அது பொருத்தமில்லாத நினைவும் அல்ல. தென்கண்டங்கள் ஒன்றாக இருந்த பழைய கோண்டுவானாப் பெருநிலத்தில் நம் தெற்குமுனையும் கிழக்கு அண்டார்க்டிகாவும் அண்டை நிலங்கள், இரண்டிடத்துப் பாறைகளிலும் சுமார் 50 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய உருமாற்றத்தின் தடம் இருக்கிறது.

“எல்லாம் ஊகம்தானே” என்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் 1976-ஆம் ஆண்டு ஆய்வு. கனமான ஆக்சிஜன்-18 உள்ள நீரைவிட இலேசான ஆக்சிஜன்-16 உள்ள நீர் எளிதாக ஆவியாகும். அது துருவத்தில் பனியாக விழுந்து உறைந்துகிடக்கும் காலத்தில், மிஞ்சிய கடல்நீரில் ஆக்சிஜன்-18-இன் விகிதம் கூடும், அது ஓடுகளிலும் பதியும். ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கல்டன் என்ற மூவர், தெற்கு இந்தியப் பெருங்கடலில் எடுத்த இரண்டு உருளைகளில் இந்த விகிதத்தையும் வேறு அளவைகளையும் சேர்த்து, சுமார் 4,50,000 ஆண்டுப் பதிவை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 1,00,000, 41,000, 23,000 ஆண்டுகள் என்ற இடைவெளிகளில் பனியுகத்தின் ஏற்ற இறக்கம் தெரிந்தது. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் தள்ளாட்டமும் மாறும் கால அளவுகள் இவை. இவையே பனியுகங்களை இயக்குகின்றன என்று சேற்றைத் தொடாமல் காகிதத்தில் கணக்கிட்டிருந்த செர்பிய அறிஞர் மிலங்கோவிச் 1958-இலேயே காலமாகிவிட்டார். இதை ஊகம் என்றால் பஞ்சாங்கத்துக் கிரகணத்தையும் ஊகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் வீட்டாரின் கேள்வி. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து குற்றாலத்தில் சாரலாக விழுவதை நம்பித்தான் நம் பக்கத்துக் குளங்களும் கடைகளும் இருக்கின்றன. 1988-இல் ஹார்ட்முட் ஹைன்ரிச் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் வடகிழக்கு அட்லாண்டிக்கின் அடிமண்ணில், ஓடுகள் அருகிக் கல்மணல் மிகுந்த அடுக்குகள் விட்டுவிட்டு வருவதை எடுத்துக்காட்டினார். கனடாவின் ஹட்சன் நீரிணை வழியாகப் பனிமலைகள் கூட்டம்கூட்டமாக வெளியேறி, உருகியபோது உதிர்த்த கற்கள் அவை என்று பின்னர் தெளிவாயிற்று. உருகிய நன்னீர் கடலின் மேல் பரவியதால் வெப்பத்தை வடக்கே கொண்டுசெல்லும் நீரோட்டம் தளர்ந்தது. வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகர்ந்தது. அதே காலங்களில் அரபிக் கடலின் அடியில் என்ன படிந்தது என்பதைப் பாகிஸ்தான் கரையோர உருளைகளைக் கொண்டு 1998-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பருவக்காற்று வலுத்தால் அங்கே ஆழ்நீர் மேலெழும்பி, மிதவையுயிர்கள் பெருகி, அவை மடிந்து அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகும். கிளறிவிடப் புழுக்கள் இல்லாததால் சேறு ஏடு ஏடாகப் படியும். காற்று தளர்ந்தால் உயிர்ப்பொருள் குறையும், புழுக்கள் திரும்பும், ஏடுகள் கலைந்துபோகும். வட அட்லாண்டிக் குளிர்ந்த காலங்களிலெல்லாம் அரபிக் கடல் சேறு ஏடுகளை இழந்திருக்கிறது. பனிமலை உருகினால் அடுத்த ஆண்டே ஐந்தருவி வற்றிவிடும் என்று நான் சொன்னதாக யாரும் பரப்ப வேண்டாம். இவை நூற்றாண்டுக் கணக்கில் நீடித்த மாற்றங்கள். ஆனால் துருவத்தின் பனிக்கும் நம் சாரலுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் எனக்குத் தெரியாது.

என் அம்மாவைச் சம்மதிக்க வைத்தது இது எதுவும் இல்லை, அசோலா என்னும் நீரில் மிதக்கும் சிறு பெரணிதான். மாட்டுத் தீவனத்துக்காக வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் விரித்த தொட்டியில் அம்மா வளர்க்கும் அதே பேரினம், சுமார் 4.9 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆர்க்டிக் பெருங்கடலில், மேற்பரப்பு நீர் உப்புக் குறைந்திருந்த காலத்தில், 8 லட்சம் ஆண்டுகள் போல மண்டிக் கிடந்திருக்கிறது. 2004-இல் மூன்று பனியுடைப்புக் கப்பல்கள் சேர்ந்து, வடதுருவத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில் லோமனோசோவ் என்னும் கடலடி மேட்டில் துளையிட்டு எடுத்த உருளையில் அது கிடைத்தது. காற்றிலிருந்த கார்பன்-டை-ஆக்சைடை உறிஞ்சிப் பூமி குளிர அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள், அவ்வளவு இருக்காது என்போரும் உண்டு. இதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா கேட்டது, “அப்பம் அங்கயும் மாடு இருந்துச்சா?” என்பதுதான். அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி அக்கம்பக்கத்தாரிடம் அவரே விளக்கம் சொல்லத் தொடங்கினார்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எல்லைக்காரர்களுக்கு அது தேவைப்படும். முதுநிலையில் சேர்ந்தபோது உதவித்தொகைக்கு இருப்பிடச் சான்று கேட்டார்கள். படிப்பு முழுவதும் தமிழ்நாட்டில் என்பதால் ஓர் அலுவலகம் அங்கே போய் வாங்கச் சொன்னது; வீடு கேரளத்தில் என்பதால் மற்றோர் அலுவலகம் இங்கே அனுப்பியது. மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகாவில் பெரும்பனி படிந்ததைச் சேற்றைக் கொண்டு நிறுவ முடிகிறது, நான் எந்த ஊர்க்காரி என்பதை நிறுவ முடியவில்லை. அந்த ஆண்டு உதவித்தொகை போயிற்று. உங்கள் வீடு சோதனைச் சாவடிக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சான்றிதழ் வேலையை இந்த மாதமே தொடங்குங்கள்.

சம்பளம்: ஆய்வு நல்கைக்காக நாடளவில் நடக்கும் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் புவி அறிவியல் தாளில் இளநிலை ஆய்வு நல்கைக்குத் தேறினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வாடகைப் படியும் கிடைக்கும். துருவ ஆய்வுக்கென்றே கோவாவில் தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே இடம் கிடைக்காவிட்டாலும் ஃபொராமினிஃபெராவை இனங்காணக் கற்றவருக்கு எண்ணெய்த் துரப்பணத் துறையில் வேலையுண்டு, ஏனென்றால் பாறையடுக்கின் வயதை அவர்களும் இதே ஓடுகளைக் கொண்டுதான் கணிக்கிறார்கள். வீட்டில் முதலில் இந்த எண்ணெய் விஷயத்தைச் சொல்லுங்கள். அண்டார்க்டிகப் பயணத்துக்குத் தேர்வானால் மருத்துவப் பரிசோதனையும், உத்தராகண்டின் ஔலியில் பனிமலைப் பயிற்சியும் உண்டு என்பதை இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.