வாசிக்கிற செட்டை விட்டு வந்துடலாமா? ஒரு பழைய ரிதம்காரரிடம் கேள்வி பதில்

நான் கும்பகோணம் பக்கம். தபேலாவில் ஆரம்பித்து, காங்கோ, அப்புறம் ரிதம் பேட் என்று மெல்லிசைக் குழுக்களில் 31 வருஷம் ஓட்டினவன். ரெண்டு குழுவிலிருந்து விலகினேன். மூன்றாவதை நானே நடத்தி நானே மூடினேன். "வாசிக்கவே பிடிக்கல அண்ணே, விலகிடலாமா?" என்று ஒரே மாசத்தில் நாலு பேர் போனில் கேட்டதால், எல்லாரும் ஒரே இடத்தில் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். பெயர் வேண்டாம், ஊரும் வாத்தியமும் போதும்.

கீபோர்டு, மயிலாடுதுறை: அண்ணே, 11 வருஷமா ஒரே குழு. முன்னெல்லாம் ரெண்டு கீபோர்டு, கிடார், பேஸ், தபேலா, டிரம்ஸ்னு மேடை நிறைய ஆள் இருப்போம். இப்ப முன்னாடியே பதிவு பண்ணின டிராக் லேப்டாப்புல ஓடுது. நான் முன்னாடி நின்னு வாசிக்கிற மாதிரி கையை ஆட்டணும். சம்பளம் குறையல. ஆனா வீட்டுக்கு வந்தா கீபோர்டு உறையைக்கூடப் பிரிக்கத் தோணல. எனக்கு மியூசிக்கே வெறுத்துடுச்சா?

தம்பி, வெறுக்கிற அளவுக்கு நீங்க சமீபத்துல மியூசிக் வாசிக்கவே இல்லையே! பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, சாப்பிடுற மாதிரி நடின்னு சொன்னா யாருக்குத்தான் பசிக்கும்?

உங்க ஓனரைத் திட்டவும் எனக்கு மனசு வரல. குழு நடத்தினவன் நான். ஆறு பேருக்குச் சம்பளம், ராத்திரி டிபன், வேன்ல ஆறு சீட்டு, ஒத்திகைக்கு ரெண்டு நாள். இத்தனையையும் ஒரு லேப்டாப் மிச்சம் பண்ணுது. விழாக் கமிட்டி தர்ற தொகை அந்த வேகத்துல ஏறல. இன்னொண்ணும் இருக்கு. 2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு அரசு தளர்வு கொடுத்தாலும் நள்ளிரவு வரைதான், அதுவும் வருஷத்துல 15 நாளுக்கு மேல கிடையாது. சாமி புறப்பாடு முடிஞ்சு மேடை ஏறவே எட்டு ஆயிடும். ரெண்டு மணி நேரத்துல ஊர் கேட்குற அத்தனை பாட்டையும் திணிக்கணும்னா, ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி சரிபார்த்து வாசிக்க எங்க நேரம்?

விலகறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட ஒண்ணு கேட்டுப் பாருங்க. முதல் அரை மணி நேரம் டிராக் இல்லாம கீபோர்டு, தபேலா, ஒரு பாடகர். பழைய பாட்டு நாலு. என் குழுவில் கடைசி மூணு வருஷம் அப்படித்தான் செஞ்சோம். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் வயசானவங்க இருக்கிற நேரம் அது, அவங்களுக்கும் பிடிச்சது.

வீட்டில் தினமும் பத்து நிமிஷம், ஹெட்போன் மாட்டி, உங்களுக்கு மட்டும் பிடிச்ச ஏதாவது ஒரு முன்னிசையை வாசிங்க. ரெண்டு வாரம். பதினொண்ணாவது நிமிஷமும் கை தானா ஓடுச்சுன்னா, விட வேண்டியது குழுவைத்தான். பத்து நிமிஷமே இழுவையா இருந்தா கொஞ்ச நாள் எல்லாத்தையும் மூடி வைங்க. அதுவும் தப்பில்ல.

தவில், திருவாரூர் பக்கம்: ஐயா, நாதஸ்வரம், தவில் செட்டு எங்க பெரியப்பாவோடது. 14 வயசுல சேர்ந்தேன், இப்ப 29. முகூர்த்த நாள் வந்தா முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, விடிகாலை முகூர்த்தம், அதை முடிச்சு அடுத்த மண்டபத்துக்கு ஓட்டம். யாரும் கேட்கிறதில்லை. தாலி கட்டும்போது ஐயர் கையைக் காட்டினா கெட்டிமேளம், அவ்வளவுதான் நம்ம வேலை. வேண்டாம்னு தோணுது. விலகினா பெரியப்பா முகத்துல எப்படி முழிக்கிறது?

இது செட்டு விஷயம் பாதி, குடும்ப விஷயம் பாதி. "பிடிக்கல" என்ற வார்த்தையை மட்டும் பெரியப்பா காதில் போட்டுடாதீங்க. அவர் காதுல அது "உங்க வாசிப்பு பிடிக்கல"ன்னுதான் விழும். வேன்ல பேசாதீங்க, மண்டபத்துல பேசாதீங்க. முகூர்த்தம் இல்லாத ஒரு நாள், வீட்டுக்குப் போய், அப்பாவையோ உங்களுக்குத் தவில் சொல்லிக்கொடுத்தவரையோ கூட வச்சுக்கிட்டு, "கல்யாணத்தைக் குறைச்சுக்கறேன் பெரியப்பா, கோயில் உற்சவத்துக்கு வர்றேன்"னு சொல்லிப் பாருங்க.

ஏன் கோயில்னு சொல்றேன்னா, நீங்க எழுதினதுல தவில் மேல ஒரு வார்த்தை குறை இல்லை. குறை முழுக்க மண்டபத்து மேல. சாமி புறப்பாட்டுக்குன்னே இருக்கிற மல்லாரியை எடுத்தா அந்த இடம் தவிலோடது. வீதியில் நிறுத்தி நிறுத்தி, நாயனத்துக்கு, அதான் நாதஸ்வரத்துக்கு, பதில் சொல்லி, தனி வாசிச்சு, நாலு வீதி சுத்தி வர்றதுக்குள்ள ஒரு கச்சேரி முடிஞ்சிடும். நம்ம டெல்டாவில் அதை நின்னு கேட்கிற ஆள் இன்னும் இருக்காங்க. மண்டபத்துல கெட்டிமேளம் என்கிறது அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழாம மறைக்கிற ஏற்பாடு. அதுக்கு வித்தை வேண்டாம், சத்தம் போதும். 15 வருஷமா உங்களைச் சத்தத்துக்குக் கூப்பிட்டா அலுக்கத்தான் செய்யும்.

நிரந்தரமா ஒரு வழி வேணும்னா, அறநிலையத் துறைக் கோயில்களில் நாதஸ்வரம், தவில் பணியிடங்கள் உண்டு. அறிவிப்பு வரும்போது சான்றிதழ் கேட்பாங்க. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் தவில் ஒரு பாடம், மூணு வருஷப் படிப்பு. "15 வருஷம் வாசிச்சவன் பள்ளிக்கூடம் போறதா?"ன்னு நினைக்காதீங்க. அந்தக் காகிதம் கையில் இல்லாம வாய்ப்பை விட்டவங்களை எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு, நீங்க கேட்கல. தவில் வாசிக்க விரலில் மாட்டுற கூட்டைக் கழற்றி ரொம்ப நேரம் ஆன பிறகும் விரல் மரத்தே இருந்தா அது சலிப்பு இல்லை, டாக்டர்கிட்ட காட்ட வேண்டியது.

பாடகி, பட்டுக்கோட்டை: அண்ணா, ஆறு வருஷமா பாடுறேன். பாட்டுக்கு நடுவுல கூட்டத்துலேர்ந்து கத்துறாங்க, அதுக்கும் சிரிக்கணும். வீடு வந்து சேர ராத்திரி ரெண்டு மணி. விலகறேன்னு சொன்னேன். பொண்ணுக்குக் காது குத்தினப்ப குழு ஓனர்கிட்ட 40,000 முன்பணம் வாங்கியிருந்தேன். அது கழியிற வரைக்கும் வேற எங்கயும் பாடக் கூடாது, இங்கதான் பாடணும்கிறார்.

கடன் வேற, நீங்க வேற, தங்கச்சி. வாங்கின 40,000-த்தைத் திருப்பிக் கொடுக்கிறதுதான் நியாயம். ஆனா கொடுத்த பணத்துக்காக ஒருத்தரை இங்கதான் வேலை செய்யணும்னு கட்டிப்போட யாருக்கும் உரிமை கிடையாது. அதைத் தடுக்கத்தான் 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தப் பெரிய வார்த்தையைத் தூக்கிக்கிட்டு முதல் நாளே சண்டைக்குப் போகச் சொல்லல. தெரிஞ்சு வச்சுக்கிட்டுப் பேசினா குரல் நடுங்காது, அதுக்குத்தான் சொல்றேன்.

இதுவரை எத்தனை புரோகிராம்ல எவ்வளவு பிடிச்சாருன்னு ஒரு வெள்ளைத் தாள்ல எழுதுங்க. மிச்சத்தை மாசம் இவ்வளவுன்னு தவணை போட்டு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அவரும் நீங்களும் மதிக்கிற ஒருத்தர் சாட்சி. கட்டுற ஒவ்வொரு தவணைக்கும் கையெழுத்து வாங்குங்க, அல்லது வங்கி வழியா மட்டும் அனுப்புங்க. நம்ம தொழிலில் வாய்க்கணக்கு எப்பவும் வாங்கினவருக்குக் குறைவாவும் கொடுத்தவருக்கு அதிகமாவும்தான் ஞாபகம் இருக்கும்.

கத்தின கூட்டத்துக்குச் சிரிக்க வேண்டியதில்லைன்னு உங்க குழுவில் யாராவது மைக்கில் சொல்லியிருக்கணும். அதைச் சொல்லாத குழுவை விடறதுக்கு வேற காரணமே தேவையில்லை.

டிரம்ஸ், தஞ்சாவூர்: புரோகிராம் முடிஞ்ச மறுநாள் வரைக்கும் காதுல "ஙொய்"ன்னு ஒரு சத்தம் சார். அதனாலயே மேடை ஏற எரிச்சலா வருது.

இதைத் தள்ளிப் போடாதீங்க. 85 டெசிபல் சத்தத்துல எட்டு மணி நேரம் இருக்கலாம்னு ஒரு கணக்கு உண்டு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ல் நாலு மணி, 91-ல் ரெண்டு மணி, 100-க்கு வந்தா கால் மணி நேரம்தான். டிரம்ஸுக்குப் பக்கத்துல, மானிட்டர் ஸ்பீக்கருக்கு முன்னாடி உட்கார்ந்தவர் நிலைமையை நீங்களே கணக்குப் போடுங்க. முதல்ல காது மூக்கு தொண்டை டாக்டர், அடுத்தது காதடைப்பான், அப்புறம் ராஜினாமா யோசனை. எனக்கு இடது காது மந்தம். பேரன் எப்பவும் வலது பக்கம்தான் வந்து பேசுவான்.

கிடார், தஞ்சாவூர்: காலேஜ்ல நாலு பேர் சேர்ந்து ஆரம்பிச்சோம். சொந்தமா பாட்டுப் போடணும்னு ஆசை. இப்ப பாடுறவன் ரீல்ஸுக்கு ஏத்த மாதிரி சினிமாப் பாட்டு மட்டும்தான்கிறான். ஒத்திகைன்னா போன் ஸ்டாண்டு, லைட்டு, டேக் மேல டேக். நான் விலகப் போறேன். மிக்ஸர், ரெண்டு ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து 48,000-க்கு வாங்கினோம். என் 12,000-ஐக் கேட்கலாமா?

12,000 கேட்காதீங்க. இன்னைக்கு வித்தா என்ன விலை போகுமோ அதுல கால் பங்கு. கடையில் விசாரிச்சு ஒரு தொகை பேசுங்க. ரொக்கம் இல்லைன்னா மைக், கேபிள்னு பொருளா வாங்கிக்கலாம். யாருடைய மெட்டு யாருக்குன்னு பிரியிறதுக்கு முன்னாடியே எழுதிக்கோங்க, ஸ்பீக்கரைவிட அதுதான் பின்னாடி சண்டை. சேனல் பாஸ்வேர்டு உங்ககிட்ட இருந்தா ஒழுங்கா ஒப்படைச்சிடுங்க.

ஒரே ஒரு தடவை, நாலு போனையும் வெளியில் வச்சுட்டு ஒத்திகை பண்ணிப் பாருங்க. பாடுற தம்பி அதுக்கும் ஒத்துக்கலைன்னா பேச எதுவும் மிச்சமில்லை.

பெயர், ஊர் வேண்டாம் என்றவர்: விலகறதை வாட்ஸ்அப்ல சொல்லிடலாமா?

கூடாது. நான் என் முதல் குழுவுக்கு டீக்கடைப் பையன்கிட்ட சொல்லி அனுப்பினவன். அந்தக் காலத்து வாட்ஸ்அப். ஆடி மாசம், அம்மன் கோயில் புரோகிராம், ஒப்புக்கிட்டு வெத்தலை பாக்கு வாங்கியாச்சு. எனக்கு அன்னைக்குக் கோபம். காரணம் இப்ப ஞாபகம்கூட இல்லை, ஏதோ பேட்டா விஷயம்னு நினைக்கிறேன். எனக்குப் பதிலா போனவருக்குப் பாதிப் பாட்டு தெரியல. ஊர்க்காரங்க பேசின தொகையில் பாதியைத்தான் கொடுத்தாங்க. ஓனருக்கு நஷ்டம்னு நினைச்சுத்தான் நான் போகல. நஷ்டப்பட்டது என்னோட டீ குடிச்ச ஆறு பேர். எல்லாருக்கும் பாதிச் சம்பளம். அக்கார்டியன் வாசிச்சவர் ஏழு வருஷம் என்கூடப் பேசல. அவர் பொண்ணு கல்யாணத்துக்கு அழைக்காமலே போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். சாப்பிட்டு எழுந்தப்ப அவரே வந்து தாம்பூலப் பையைக் கையில் கொடுத்தார். அப்பவும் பேசல. மறுநாள் போன் வந்துச்சு.

அதனால வெத்தலை பாக்கு வாங்கின புரோகிராமை முடிச்சுட்டு நேர்ல சொல்லுங்க. காலமும் பார்க்கணும். கல்யாண செட்டுன்னா ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆனி, கார்த்திகை கடைசியில் சொன்னா ஆள் தேட அவங்களுக்கு ஒரு மாசம் கிடைக்கும். மெல்லிசைக் குழுவுக்கு நேர்மாறு, ஆடிதான் அறுவடை. ஆடி முடிஞ்சு சொல்லுங்க.

ஒரு அம்மா, குத்தாலம்: பையனுக்கு 17 வயசு. தாத்தா காலத்து நரசிங்கம்பேட்டை நாயனம் வீட்ல இருக்கு. ரெண்டு வருஷமா ஒரு செட்டுல போய்க்கிட்டிருந்தான். இப்ப நாயனமே வேண்டாம், கீபோர்டு வாங்கித் தாங்கிறான். தாத்தா பேரு போயிடுமேன்னு இருக்கு.

அம்மா, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சின்ன வயசுல வாய்ப்பாட்டுப் பாடினவர், நாயனம் பிறகுதான் வந்தது. நாயனச் சக்கரவர்த்தின்னு அவரைத்தான் சொல்றோம். அந்த வயசுல வாத்தியம் மாறுறதை ஓடிப்போறதுன்னு எடுத்துக்காதீங்க. கீபோர்டு புதுசா வாங்காதீங்க, பழசு ஒண்ணு போதும், ஆறு மாசம் பார்க்கலாம்.

நாயனத்தை விக்காதீங்க. நரசிங்கம்பேட்டை உங்க ஊருக்குப் பக்கம்தானே, ஒரு தடவை பையனைக் கூட்டிக்கிட்டுப் போங்க. வாங்கவோ விக்கவோ வேண்டாம், சும்மா பார்க்க. பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்தைக் கடைஞ்சு நாயனம் பண்றாங்க. பச்சை மரம் ஆகாது, வருஷக்கணக்கா காயணும். 2022-ல் புவிசார் குறியீடு கிடைச்ச பொருள் அது. உங்க பையன் இப்ப பச்சை மரம், காயட்டும். நாயனத்துல வாய் வச்சு ஊதுற சீவாளியை மட்டும் பூச்சி அரிக்காம டப்பாவில் போட்டு வைங்க.

முன்னாள் பேஸ் கிடார், நாகப்பட்டினம்: விலகி மூணு வருஷம் ஆச்சு. வாசிக்கிறதை நினைக்கிறதே இல்லை. ஆனா ராத்திரி புரோகிராம் முடிஞ்சு பைபாஸ்ல வேனை நிறுத்தி டீ குடிப்போமே, அது மட்டும் கனவுல வருது அண்ணே.

அதுக்கு மருந்து இல்லை. அந்தப் பழைய ஆளுங்க நம்பர் இருந்தா ஒரு ராத்திரி வண்டி எடுத்துக்கிட்டுப் போய் டீ மட்டும் குடிச்சுட்டு வாங்க.

கீபோர்டு, மயிலாடுதுறை (மறுபடியும்): அண்ணே, நீங்க இப்ப எங்கயாவது வாசிக்கிறீங்களா?

சனிக்கிழமை சாயங்காலம், எங்க தெருக்கோடிப் பெருமாள் கோயில் பஜனையில். ஆர்மோனியம் ஒருத்தர், ஜால்ரா ரெண்டு பேர், நான் தபேலா. மைக் இல்லை. சம்பளம் ஒரு தொன்னை சுண்டல். போன வாரம் உப்புக் கூட.