அக்காகிட்ட கேளுங்க: கை கழுவுறதை சொல்லிடுவேன், மீதியை எப்படி சொல்றது?

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயசு 26. காலேஜ் ரெண்டாவது வருஷத்துலேர்ந்து ஓசிடி, அதாவது வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே காரியத்தை மறுபடி மறுபடி செய்ய வைக்கிற மனநோய். வெளில தெரிஞ்சது கை கழுவுறதும் ஒன்றரை மணி நேரம் குளிக்கிறதும் தான். உள்ள ஓடினது வேற. கோயில்ல தீபாராதனை காட்டுற நேரம் பாத்து சாமியைப் பத்தி அசிங்கமான வார்த்தை மனசுல வரும், வந்த உடனே தீட்டாயிட்டோம்னு ஓடிப்போய் கழுவுவேன். ரெண்டு வருஷம் ட்ரீட்மென்ட் எடுத்து இப்போ நல்லா இருக்கேன். அக்டோபர் 10 மனநல தினத்துக்கு நான் படிச்ச காலேஜ்ல பேச கூப்பிட்டிருக்காங்க. கை கழுவுற கதையை சொல்லிடுவேன், சாமி விஷயத்தை சொல்லவா வேணாமா? அம்மா "வரன் பாத்துட்டு இருக்கோம், நீ எதையுமே வாயத் தொறக்காத"ங்கிறாங்க.
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

தங்கச்சி, சொல்றதுன்னா சாமி விஷயத்தை தான் சொல்லணும். கை கழுவுறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதைக் கேட்டதும் முன் வரிசைல ஒருத்தன் "ஆமா எனக்கும் கொஞ்சம் ஓசிடி, ஷெல்ஃப்ல புக்கெல்லாம் வரிசையா இருக்கணும்"னு சிரிப்பான், நீங்களும் வேற வழியில்லாம சிரிப்பீங்க. ஆனா பின் பெஞ்ச்ல ஒரு பொண்ணு, தனக்கு மட்டும் தான் இப்படி கன்றாவியா நினைப்பு வருது, தான் தான் உலகத்துலயே பாவின்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்குமே, அதுக்கு உங்க சோப்பு கதை எட்டவே எட்டாது.

என் கதையையே சொல்றேன். பையன் பொறந்து ஏழு மாசம். சமையக்கட்டுல உக்காந்து கத்திரிக்கா நறுக்கிட்டு இருந்தேன், அவன் பக்கத்துல பாய்ல கெடந்தான். திடீர்னு ஒரு நினைப்பு, இந்த அருவாமணையால இவனை ஏதாவது பண்ணிட்டா? அவ்வளவு தான், உடம்பெல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு. அன்னைக்கு ராத்திரியே அருவாமணையை பழைய துண்டுல சுத்தி பரண்ல போட்டுட்டேன், அடுத்த நாள் கத்தி, அதுக்கு அடுத்த நாள் தேங்கா துருவி. மூணு மாசம் வீட்டுல நறுக்குற காய் எதுவும் கெடையாது, முட்டை, அப்பளம், பருப்பு தான், வீட்டுக்காரர் கேட்டா "விலை ஏறிடுச்சு"ன்னு சொல்லுவேன். புள்ளைய தனியா தூக்கவே மாட்டேன். எங்க அம்மா காத்து கருப்புன்னு தாயத்து கட்டி விட்டாங்க, அதையும் அவுத்து அவுத்து சரியா இருக்கான்னு பாத்தேன், கேட்டுக்கோங்க!

ஒரு வழியா டாக்டர்கிட்ட போனா, அவர் பத்து கேள்வி கேட்டு 40 மார்க்குக்கு போடுற ஒரு அளவுகோல் இருக்கே, அதுல எனக்கு 28. மார்க் ஜாஸ்தி வந்து அழுதது வாழ்க்கைல அது ஒரு தடவை தான். அப்புறம் அவர் சொன்னார், "செய்யணும்னு நினைக்கிறவ அருவாமணையை ஒளிச்சு வைக்க மாட்டாம்மா, பயந்தவ தான் ஒளிச்சு வைப்பா." இதை யாராவது மூணு மாசத்துக்கு முன்னாடி எங்காவது பேசி நான் கேட்டிருந்தா அந்த மூணு மாசம் எனக்கு மிச்சமாயிருக்கும். (குழந்தை பெத்தவங்களுக்கு காதுல குரல் கேக்குது, அந்தக் குரல் சொல்றது சரின்னே தோணுதுன்னா அது வேற நோய், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போகணும், வீட்டுல வெச்சு பாக்கக் கூடாது.)

ட்ரீட்மென்ட்டும் விசித்திரம் தான். தினமும் 20 நிமிஷம் புள்ளையை தொட்டில்ல போட்டுட்டு அதே ரூம்ல அருவாமணைல காய் நறுக்கணும், சுலோகம் சொல்லக் கூடாது, வீட்டுக்காரரை கூப்பிட்டு "நான் ஒண்ணும் பண்ணிட மாட்டேன்ல?"ன்னு கேக்கக் கூடாது. மொத நாள் கை நடுங்கி பீன்ஸ் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சைஸ். பத்து நாள்ல போர் அடிக்க ஆரம்பிச்சுது, அந்த போர் தான் மருந்து. இது ஏதோ புது ஃபேஷன் இல்ல, 1966லயே லண்டன்ல விக்டர் மேயர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் ரெண்டு பேஷண்ட்டுக்கு இந்த மாதிரி பண்ணி எழுதியிருக்கார், ஒருத்தருக்கு அழுக்கு பயம், இன்னொருத்தருக்கு என்ன தெரியுமா, உங்களுக்கு வந்த மாதிரியே கடவுளைப் பத்தின அசிங்கமான நினைப்பு! கூடவே மாத்திரை, ஓசிடிக்கு அது டிப்ரஷனுக்கு குடுக்குறதை விட பெரும்பாலும் கூடுதல் டோஸ்ல தான் வேலை செய்யும், ரெண்டு மூணு மாசம் பொறுக்கணும், "ரெண்டு வாரம் போட்டேன் கேக்கலை"ன்னு நிறுத்திடுறவங்க ஜாஸ்தி.

அம்மா பயம் பொய்யின்னு சொல்ல மாட்டேன், நம்ம ஊர்ல வரன் தட்டிப்போகும் தான். அதனால மேடை ஏறுறதும் ஏறாததும் உங்க இஷ்டம், பேரில்லாம ஒரு பக்கம் எழுதிக் குடுத்து வேற யாரையாவது வாசிக்க சொன்னாலும் அந்த பின் பெஞ்ச் பொண்ணுக்கு போய்ச் சேரும். ஆனா மாப்பிள்ளைகிட்ட மட்டும் பூ வைக்கிறதுக்கு முன்னாடி நீங்களே நேர்ல சொல்லிடுங்க, மாத்திரையை ஹேண்ட்பேக் அடியில ஒளிச்சுக்கிட்டு குடும்பம் நடத்துறது அருவாமணையை பரண்ல வைக்கிற மாதிரி தான்.

ஒண்ணே ஒண்ணு கவனிக்கணும், இது ஓசிடி வந்தவங்களுக்கு தான் புரியும். சொல்றதே ஒரு நோயாயிடும். நான் குணமாகிட்டு இருந்தப்போ பக்கத்து வீட்டு அக்கா, நாத்தனார், ஏன் பால்காரம்மாகிட்ட கூட என் கதையை சொன்னேன், விழிப்புணர்வுன்னு நினைச்சேன். அப்புறம் தான் தெரிஞ்சுது, ஒவ்வொருத்தரும் "சேச்சே, நீ அப்படிப்பட்டவளா"ன்னு சொல்லணும்னு தான் சொல்லிட்டு இருந்திருக்கேன்! பேசி முடிச்சதும் எதிர்ல இருக்கவங்க முகத்தை பாத்து "என்னை தப்பா நினைக்கலையே"ன்னு மனசு தேடுச்சுன்னா இந்த வருஷம் விட்டுடுங்க, அடுத்த அக்டோபர் பாத்துக்கலாம்.

* * *

ஓசிடி ட்ரீட்மென்ட்டுக்கு எங்க போறது, தனியார்ல செலவு பண்ண வசதி இல்ல.
– ஒரு வாசகர், தர்மபுரி

14416க்கு போன் போடுங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். மாவட்ட தலைமை அரசு ஆஸ்பத்திரில மனநல பிரிவு இருக்கு, ஓபி சீட்டு போட்டு பாருங்க. உங்களுக்கு பெங்களூர் பக்கம், அங்க நிம்ஹான்ஸ்ங்கிற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரில ஓசிடிக்குன்னே தனி கிளினிக் இருக்கு. அங்க ஓபி வரிசையை பாத்து மலைக்காதீங்க, 2015-16ல அவங்க எடுத்த தேசிய சர்வேலயே பெரியவங்க ஆயிரம் பேர்ல கிட்டத்தட்ட எட்டு பேருக்கு ஓசிடி.

* * *

என் மனைவி ஒரு நாளைக்கு இருபது தடவை "கேஸை மூடினேனா?"ன்னு கேக்குறா. மூடிட்டன்னு சொன்னா அஞ்சு நிமிஷம் தான் தாங்குது. பதில் சொல்லவா வேணாமா?
– ஒரு கணவர், தாம்பரம்

ஒவ்வொரு பதிலும் அவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு சொறிஞ்சு விடுற மாதிரி, அப்புறம் அரிப்பு கூடும். அதுக்காக நாளைக்கே வாயை மூடிக்கிட்டீங்கன்னா அவங்களுக்கு நீங்க கைவிட்ட மாதிரி ஆயிடும். சண்டை இல்லாத ஒரு நேரமா பாத்து ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கோங்க, இந்த வாரம் ஒரு நாளைக்கு பத்து பதில், அடுத்த வாரம் அஞ்சு, கோட்டா முடிஞ்சா "இது ஓசிடி கேக்குற கேள்வி, நான் உன் கூட தான் இருக்கேன்"னு மட்டும் சொல்லிட்டு பக்கத்துலயே உக்காருங்க. டாக்டரையும் கலந்துக்கோங்க. எங்க வீட்டுக்காரர் இதே வசனத்தை மொத தடவை சொன்னப்போ நான் கரண்டியை தூக்கி எறிஞ்சேன், அதனால மொத வாரம் கொஞ்சம் தள்ளி உக்காந்தே சொல்லுங்க.