உடைப்பு கூடினால் மியூட்டேஷனும் கூடுமா? கல்ச்சர் லேப் அக்காவிடம் சில கேள்விகள்

பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. நொதித் தடுப்பான் போட்டதும் டிஎன்ஏ உடைப்பு ஏறுகிறது, அப்போ மியூட்டேஷனும் (டிஎன்ஏவில் நிலைத்துவிடும் மாற்றம்) ஏறத்தானே வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

கார்த்திக், எலகங்கா: அக்கா, ஃபைப்ரோபிளாஸ்டுக்கு (தோல் போன்ற திசுவின் செல்) யூவி கொடுத்து காமெட் சோதனையில் (மின்சாரத்தில் ஓடவிட்டால் உடைந்த டிஎன்ஏ வாலாக நீளும்) பார்த்தால் வால் சின்னதாக இருக்கிறது. ஹைட்ராக்ஸியூரியாவும் அரா-சியும் சேர்த்தால் நீளமாகிறது. மருந்துதான் டிஎன்ஏவை வெட்டுகிறதா?

வெட்டுவது செல்தான், தம்பி. யூவி-சி பெரும்பாலும் இழையை அறுப்பதில்லை. அடுத்தடுத்த பிரிமிடின் எழுத்துகளை ஒட்டி டைமர் (இரட்டை ஒட்டு) ஆக்கிவிடும். அதை எடுக்க, செல் இரண்டு பக்கமும் வெட்டி, ஏறக்குறைய 30 நியூக்ளியோட்டைடு நீளத் துண்டை நீக்கி, பள்ளத்தைப் பாலிமரேஸால் (டிஎன்ஏ எழுதும் நொதி) நிரப்பும். ஹைட்ராக்ஸியூரியா ரைபோநியூக்ளியோட்டைடு ரிடக்டேஸ் நொதியை முடக்கி, டிஎன்ஏ கட்டத் தேவையான டிஎன்டிபி வரத்தைக் குறைக்கிறது. அரா-சி நிரப்பும் வேலையையே நிறுத்துகிறது. கேபிளுக்குத் தோண்டிவிட்டு மூட ஆள் வராத நம்மூர் ரோடு ஞாபகம் வருகிறதா? அதேதான். உன் நீள வால் ரிப்பேர் தொடங்கியதற்குச் சாட்சி. இந்த ரிப்பேரில் பிறவிக் குறை உள்ள எக்ஸ்பி-ஏ நோயாளியின் செல்லில் இதையே செய்தால் வால் அப்படி நீளாது. அங்கே வெட்டவே முடியாது.

யூவி இல்லாமல் மருந்து மட்டும் போட்ட ப்ளேட் கட்டாயம் வேண்டும். பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் இந்த மருந்துகள் தனியாகவே உடைப்பு உண்டாக்கும்.

நித்யா, ஜே.பி.நகர்: ஓலாபரிப் (பார்ப் நொதியைத் தடுக்கும் புற்றுநோய் மருந்து) கொடுத்த செல்லில் சகோதரி குரோமாட்டிட் பரிமாற்றம் (ஒரு குரோமோசோமின் இரண்டு நகல்களும் துண்டு மாற்றிக்கொள்வது) ஏறுகிறது. இதை மியூட்டேஷன் என்று எழுதலாமா?

எழுதாதே! பார்ப்-1 என்ற ரிப்பேர் நொதி ஒற்றை இழை உடைப்பில் வந்து உட்காரும். ஓலாபரிப் அதை அங்கேயே மாட்டிவைக்கிறது. டிஎன்ஏவை நகலெடுக்கும் கவை (இழைகள் பிரியும் முனை) வந்து மோத, இரட்டை இழை உடைப்பாகிறது. பிஆர்சிஏ (உடைப்பைப் பிழையில்லாமல் சரிசெய்ய உதவும் ஜீன்) நலமாக உள்ள செல், சகோதரி குரோமாட்டிடைப் பார்த்துச் சரிசெய்யும். பார்த்து எழுதுவது சரியான பிரதி என்பதால், பரிமாற்றம் ஏறுமே தவிர எழுத்துப்பிழை அதே அளவுக்கு ஏற வேண்டியதில்லை. பிஆர்சிஏ இல்லாத செல், முனைகளைக் கண்டபடி ஒட்டி, குரோமோசோம் சிதைந்து செத்துப்போகும். 2005இல் இரண்டு குழுக்கள் காட்டியதும் 2014இல் ஓலாபரிப் மருந்தாக ஒப்புதல் பெற்றதும் இந்த அடிப்படையில்தான்.

சண்முகம், யஷ்வந்த்பூர்: எட்டோபோசைடு (புற்றுநோய் மருந்து) டோஸ் ஏற ஏற மைக்ரோநியூக்ளியஸ் (உடைந்த குரோமோசோம் துண்டு தனியே நிற்கும் குட்டிக் கரு) ஏறுகிறது. ஆனால் எச்பிஆர்டி ஜீன் கெட்ட மியூட்டன்ட் காலனி பெரிதாக ஏறவில்லை. மருந்து மியூட்டேஷனிலிருந்து காப்பாற்றுகிறதா?

செத்த செல் காலனி போடாது. அதனால் முதலில் பிழைத்த செல்லுக்கு இத்தனை மியூட்டன்ட் என்று கணக்கிட்டீர்களா, பாருங்கள். 6-தயோகுவானின் (எச்பிஆர்டி உள்ள செல்லைக் கொல்வது) போடுமுன் ஒரு வாரமாவது வளரவிட்டீர்களா? ஏற்கெனவே இருக்கும் எச்பிஆர்டி புரதம் கரைய அவ்வளவு நாளாகும்.

இரண்டும் சரி என்றால் காரணம் ஜீன் இருக்கும் இடம். எச்பிஆர்டி எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, வேலை செய்யும் பிரதி ஒன்றே. எட்டோபோசைடு டோபோஐசோமரேஸ்-2 (டிஎன்ஏ முறுக்கை அவிழ்க்கும் நொதி) நொதியை டிஎன்ஏவோடு பிணைத்து உண்டாக்கும் பெரிய இழப்புகள், பக்கத்து அத்தியாவசிய ஜீனையும் வாரிக்கொண்டு போய்விடும். அந்த மியூட்டன்ட் உங்கள் கண்ணில் படாமலே சாகும். எல்5178ஒய் எலி லிம்ஃபோமா செல்லில் டிகே ஜீன் சோதனை செய்தால், பக்கத்து ஜீன்களுக்கு இன்னொரு பிரதி இருப்பதால் அவை சிறு காலனிகளாகத் தெரியும்.

மும்தாஜ், சிவாஜிநகர்: அப்போ உடைப்பு ஏறாமல் மியூட்டேஷன் மட்டும் ஏற்றும் தடுப்பான் உண்டா?

உண்டு, எனக்கு மிகப் பிடித்தது: ஓ6-பென்சைல்குவானின். மெத்தில் ஒட்டிய குவானினைச் சரிசெய்யும் எம்ஜிஎம்டி புரதத்தை அது முடக்கும். பிறகு மெத்தில் ஒட்டும் எம்என்யு கொடுத்தால், அந்தக் குவானின் தைமினோடு ஜோடி சேர்ந்து ஜி:சி ஜோடி ஏ:டி ஆக மாறும். இந்தப் பழுது இழை உடைப்பே அல்ல, காமெட்டில் எதைத் தேடுவீர்கள்?

நேர் எதிரானதும் உண்டு. 2019இல் வந்த ஜேஎச்-ஆர்இ-06 என்ற தடுப்பான், பழுதைச் சரிசெய்யாமல் பிழையோடு தாண்டி நகலெடுக்கும் ரெவ்-1 வழியை அடைக்கிறது. டிஎன்ஏவைப் பழுதாக்கும் சிஸ்பிளாட்டின் மருந்தால் சாகும் செல் கூடுகிறது, மியூட்டேஷன் குறைகிறது.

கார்த்திக் மறுபடியும்: காமா-எச்2ஏஎக்ஸ் (இரட்டை உடைப்பின் அடையாளமாகப் பார்க்கும் புரதக் குறி) மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. நகலெடுப்பு தடைபட்டாலே, இரட்டை உடைப்பு இல்லாமலும், ஏடிஆர் என்ற நொதி வழியாக அது ஏறும். உன் ஹைட்ராக்ஸியூரியா ப்ளேட்டிலேயே பார்.