போர்க்கப்பலில் பட்ட கல்நார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மாமனார் அமெரிக்கர். 1966 முதல் 1970 வரை கடற்படை டிஸ்ட்ராயர் ஒன்றின் இன்ஜின் அறையில் மெஷினிஸ்ட் மேட்டாக வேலை செய்தவர். இப்போது நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்கிறார்கள். கப்பலை விட்டு 50 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, அங்கே பட்ட கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தான் காரணமா? நிவாரணம் கிடைக்குமா? (வாசகி, வர்ஜீனியா)

பதில்: காலம் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். கல்நார் இழை உள்ளே போய் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்து வெளிப்படுவதுதான் இந்தப் புற்றுநோயின் இயல்பு. வியட்நாம் போரில் ஓடிய டிஸ்ட்ராயர்கள் பல இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டப்பட்டவை. சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டு அழுத்தம், 850 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் நீராவி ஓடும் குழாய்கள் அவற்றில் இருந்தன. குழாய்க்கு மேலே கல்நார் போர்வை, இணைப்புகளுக்கு நடுவே கல்நார் கேஸ்கெட், வால்வுத் தண்டைச் சுற்றிக் கல்நார்க் கயிறு. ஒட்டிப்போன கேஸ்கெட்டைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கும்போதும், பழுது பார்க்கப் போர்வையைப் பிரிக்கும்போதும் தூசி பறக்கும். மூடிய கீழ்த்தள அறையில் அது பக்கத்தில் நின்றவரின் மூச்சிலும் போகும்.

நிவாரணத்துக்கு வழி உண்டு, ஆனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ‘அந்த இடத்தில் பணியாற்றினார், எனவே நோய் பணியால் வந்தது’ என்று சட்டமே ஏற்றுக்கொள்ளும் சலுகை கல்நாருக்கு இல்லை. நோய் இருக்கிறது, பணியில் கல்நார் பட்டது, அதனால்தான் இது வந்தது என்ற மூன்றையும் நீங்கள் காட்ட வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியது, 21-0966 படிவம் வழியாக ‘விண்ணப்பிக்கப் போகிறேன்’ என்று படைவீரர் நலத்துறைக்குத் தெரிவிப்பது. ஒரு வருடத்துக்குள் 21-526 ஈ.இசட். என்ற முழு விண்ணப்பத்தைக் கொடுத்து அது ஏற்கப்பட்டால், பணம் முதலில் தெரிவித்த தேதியிலிருந்து கணக்காகும். நோய் முற்றியிருந்தால் 20-10207 படிவத்தையும் சேர்த்துக் கொடுங்கள், கோப்பை முன்னுரிமையில் எடுப்பார்கள்.

நோய்க்கு பயாப்ஸி அறிக்கை போதும். பணிக்கு டி.டி-214 என்ற பணிவிடுப்புச் சான்று மட்டும் போதாது, பெரும்பாலும் அதில் கடைசிப் பணியிடம்தான் இருக்கும். எஸ்.எஃப்-180 படிவம் அனுப்பி, செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்திலிருந்து முழுப் பணிக்கோப்பையும் கேளுங்கள். 1973இல் அங்கே நடந்த தீவிபத்தில் எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். கடற்படைக் கோப்புகள் தப்பின. எந்தக் கடற்படை வேலைக்குக் கல்நார் பட எவ்வளவு வாய்ப்பு என்று துறையே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இன்ஜின் அறை, பாய்லர் அறை வேலைகள் அதில் உயர்ந்த இடத்தில் இருப்பது உங்கள் மாமனாருக்குப் பெரிய பலம். எந்த அறை, என்ன வேலை, முகமூடி இருந்ததா என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடற்படையை விட்ட பின் பார்த்த வேலைகளையும் மறைக்காமல் சேருங்கள், எப்படியும் கேட்பார்கள்.

மனுக்கள் அதிகம் சறுக்குவது மூன்றாவதில், அதாவது கல்நாரால்தான் நோய் வந்தது என்று காட்டுவதில்தான். ‘கல்நார் காரணமாக இருக்கலாம்’ என்று மருத்துவர் எழுதினால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. ‘கடற்படைப் பணியில் பட்ட கல்நாரால் வந்திருக்கக் குறைந்தது சரிபாதி வாய்ப்பு’ என்று எழுத வேண்டும். பணிக்கோப்பைப் படித்ததையும், பிந்தைய வேலைகளை எடைபோட்டதையும், அந்த முடிவுக்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும். சரிபாதி போதும், ஆதாரம் சமமாக நின்றால் முடிவு படைவீரர் பக்கம். ஏற்றுக்கொண்டால், நோய் இருக்கும் வரையிலும் சிகிச்சைக் காலத்திலும் மீசோதீலியோமாவுக்கு 100 சதவீத மதிப்பீடு. முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துத் தரக் கட்டணம் கேட்பது சட்டவிரோதம். அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கப் பிரதிநிதிகள் இலவசமாகச் செய்கிறார்கள், அவர்களிடம் போங்கள்.

கேள்வி: அதே காலத்தில் கப்பலில் இருந்த நண்பருக்கு நுரையீரல் புற்றுநோய். சிகரெட் பிடித்தவர். கல்நார் மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

பதில்: சிகரெட் பிடித்ததால் கல்நாரின் பங்கு அழிந்துவிடாது, இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். மருத்துவர் அதை விளக்கி எழுதலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வேறு. அவர் கப்பல் 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரையான காலத்தில், சட்டம் வரையறுத்த வியட்நாம் கடல் எல்லைக்குள், ஏறத்தாழ 12 கடல் மைலுக்குள், போயிருக்கிறதா? போயிருந்தால், வியட்நாம் போரில் அமெரிக்கப் படை தெளித்த ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ களைக்கொல்லி பட்டதாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும். 2020 முதல் கடலில் நின்ற கப்பல்களுக்கும் இது பொருந்தும். அந்தக் களைக்கொல்லியால் வந்ததாகச் சட்டமே ஏற்கும் நோய்களின் பட்டியலில் நுரையீரல் புற்றுநோய் இருப்பதால் மருத்துவர் கடிதப் போராட்டமே வேண்டாம். 20-0995 படிவத்தில் புது ஆதாரத்துடன் துணை மனு போடலாம். மீசோதீலியோமா அந்தப் பட்டியலில் இல்லை என்பதால் முதல் கேள்விக்கு இந்த வழி உதவாது.

கேள்வி: ஆபத்து கடற்படைக்குத் தெரியாதா? அரசின் மீது வழக்குப் போடலாமா?

பதில்: 1946இல் வெளியான ஓர் ஆய்வில், கப்பல் கட்டும் தளங்களில் குழாய்ப் போர்வை போட்ட 1,074 பேரைப் பரிசோதித்த ஆய்வாளர்கள், மூவருக்கு மட்டுமே ஆஸ்பெஸ்டோசிஸ் (கல்நார்த் தூசியால் நுரையீரல் தழும்பேறும் நோய்) என்று கண்டு, இது பெரிய ஆபத்தில்லாத வேலை என்று முடிவு எழுதினார்கள். அந்த 1,074 பேரில் மிகப் பெரும்பாலானோர் 10 வருடத்துக்கும் குறைவாக வேலை செய்தவர்கள். நோய் வெளிப்படவே 20 வருடம் ஆகும்போது இந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம்? அந்த முடிவை நம்பி எத்தனையோ பேர் தூசிக்குள் நின்றார்கள் என்பது வேதனை.

பணியில் ஏற்பட்ட பாதிப்புக்குப் படைவீரர் அரசின் மீது வழக்குத் தொடர முடியாது என்று 1950இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்நார்ப் பொருள் செய்த கம்பெனிகள் மீது தொடரலாம். திவாலான பல கம்பெனிகள் இழப்பீட்டு அறக்கட்டளை வைத்திருக்கின்றன. ஜான்ஸ்-மேன்வில் 1982இல் திவால் மனு போட்டது, 1988இல் அதன் அறக்கட்டளை தொடங்கியது. அங்கே வாங்கும் பணத்தால் துறையின் ஊன இழப்பீடு குறையாது.

கேள்வி: மாமனாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாமியாருக்கு?

பதில்: பணியால் வந்த நோயில் அவர் இறந்தால் 21பி-534 ஈ.இசட். படிவத்தில் மாதாந்திரத் தொகை கேட்கலாம். ஒரு வருடத்துக்குள் கேட்டால் இறந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்து கணக்காகும். மனு நிலுவையில் இருக்கும்போதே இறந்தால், அவர் இடத்தில் நின்று தொடர மாமியார் ஒரு வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழில் ‘நிமோனியா’ என்று மட்டும் எழுதி முடித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அடிப்படைக் காரணமாக மீசோதீலியோமாவையும் எழுதச் சொல்லி, சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் இப்போதே பேசிவையுங்கள்.