மலிவு பிஸ்டல்: செலவு செய்து மாற்றுவதா, விற்றுவிடுவதா?

வணக்கம். 9 மி.மீ. மலிவு பிஸ்டல், 25 மீட்டரில் குண்டுகள் சிதறுகின்றன, ட்ரிகர், பேரல் (குழல்), சைட் (குறிபார்க்கும் பாகம்) மூன்றையும் மாற்றலாமா அல்லது விற்றுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேரலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மணல்மூட்டை மேல் கையை ஊன்றி, நிதானமாக ஐந்தைந்து குண்டுகளாகச் சுட்டுப் பாருங்கள். 115, 124, 147 கிரெயின் (குண்டின் எடை அளவு) என்று தோட்டாவையும் மாற்றிப் பாருங்கள். ஒரே பிஸ்டல் ஒன்றில் சிதறும், இன்னொன்றில் நெருக்கமாக விழும். ஊன்றிச் சுடும்போது சிதறல் குறைந்தால் குறை பேரலில் இல்லை. ட்ரிகரை இழுக்கும்போது கை அசைகிறது, அவ்வளவுதான். எனக்கும் அந்த வியாதி உண்டு. அப்படியானால் பணத்தைத் தோட்டாவில் போடுங்கள். காலித் துப்பாக்கியில் (இரண்டு முறை பார்த்துவிட்டு!) ட்ரிகர் இழுத்துப் பழகச் செலவே இல்லை.

சைட் மங்கலாக இருந்தால் தாராளமாக மாற்றலாம். ட்ரிகரில்தான் எனக்குத் தயக்கம். ஸ்பிரிங்கை இளக்கினால் சில சமயம் பிரைமரில் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) அடி சரியாக விழாது. சியரை (ட்ரிகரை இழுக்கும் வரை அடிக்கும் பாகத்தைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி) தேய்த்தால் கீழே விழுந்தாலே வெடிக்கும் ஆபத்து உண்டு.

ஊன்றிச் சுட்டும், தோட்டா மாற்றியும் சிதறுகிறதா? அப்புறம் யோசிக்காமல் விற்றுவிடுங்கள். மாட்டிய பாகங்களுக்குக் கொடுத்த காசு விற்கும்போது திரும்பி வராது.